டில்லியின் குப்பை மலைகளும் சமையலறைக் கூடையும்

தலைநகர் டில்லியின் கிழக்கெல்லையில், உத்தரப் பிரதேசத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது காஜிப்பூர். கோழிச் சந்தை, மீன் சந்தை, பூச்சந்தை, பால் பண்ணைகள் ஆகியவை நிறைந்த இப்பகுதியில், நகரின் குப்பையைக் கொட்டுவதற்கென்று சுமார் 70 ஏக்கர் நிலம் 1984ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. 2002ஆம் ஆண்டிலேயே அதன் கொள்ளளவு நிறைந்துவிட்டது. ஆயினும் வேறிடம் கிடைக்காமையால் லாரிகள் வருவது நிற்கவில்லை. 20 மீட்டருக்கு மேல் உயரக் கூடாதென்று வரையறுக்கப்பட்ட குப்பை மேடு 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 65 மீட்டரை எட்டியது. குதுப்மினாரின் உயரம் 72.5 மீட்டர் என்பதை நினைவிற்கொண்டால், இதனை மேடு என்பதைக் காட்டிலும் மலை என்பதே பொருந்தும்.

2017 செப்டம்பர் 1 அன்று, மழைக்குப் பின், இம்மலையின் ஒரு பகுதி சரிந்து சாலையில் விழுந்தது. அவ்வழியே சென்றுகொண்டிருந்த வண்டிகள் பக்கத்திலிருந்த கால்வாய்க்குள் தள்ளப்பட்டன. இருவர் உயிரிழந்தனர். நில நடுக்கத்தாலோ வெள்ளத்தாலோ நேர்ந்த சாவுகள் அல்ல இவை. இலட்சக்கணக்கான வீடுகளிலிருந்து நாள்தோறும் வெளியேறிய காய்கறித் தோலும், மீந்த சோறும், பாலித்தீன் பையும், உடைந்த செருப்பும் முப்பத்து மூன்று ஆண்டுகளில் சேர்ந்த சேர்க்கையே அச்சரிவுக்குக் காரணம்.

காஜிப்பூர் தனித்த ஒன்றன்று. வடமேற்கில் பல்ஸ்வா 1994ஆம் ஆண்டிலும், தெற்கில் ஓக்லா 1996ஆம் ஆண்டிலும் குப்பைக் கிடங்குகளாயின. முன்னது 2006இலும் பின்னது 2010இலும் நிரம்பின. மூன்றிலும் சேர்ந்து கிடந்த பழங்குப்பை 2019ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 280 இலட்சம் டன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை அடுத்து, அதே ஆண்டில் சுழலும் சல்லடைகளைக் கொண்டு பழங்குப்பையைச் சலித்து அகற்றும் பணி தொடங்கியது. மண் ஒருபுறம், எரியத்தக்க பொருள் ஒருபுறம், கல்லும் கட்டட இடிபாடும் ஒருபுறம் எனப் பிரித்தெடுப்பது இம்முறை. பணி நடைபெறும் வேளையிலேயே புதிய குப்பையும் வந்துகொண்டிருந்தமைதான் இதிலுள்ள சிக்கல். அண்மை ஆண்டுகளின் அதிகாரபூர்வக் கணக்குகளின்படி டில்லியில் நாளொன்றுக்குச் சுமார் 11,000 டன் குப்பை சேர்கிறது. பதப்படுத்தப்படாமல் மீண்டும் கிடங்குகளைச் சென்றடைந்தது நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன். மேலே கொட்டிக்கொண்டே அடியில் வெட்டி எடுப்பதால் மலை விரைவில் குறையாது என்பதற்குக் கணிதம் தேவையில்லை.

கலப்பினால் வரும் கேடு

இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி சமையலறையிலிருந்து வரும் ஈரக் கழிவாகும். மேலைநாட்டு நகரங்களில் தாளும் அட்டையும் நெகிழிப் பொருள்களும் மிகுதி; இங்கு தோலும் கொட்டையும் சக்கையும் மிகுதி. இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளாமல் இறக்குமதி செய்யப்பட்ட எந்திரங்களுக்கு நேர்ந்த கதி பின்னர் கூறப்படும்.

ஈரக் கழிவு இயல்பிலேயே தீங்கானதன்று. காற்றுப் படும்படி மண்ணில் கிடந்தால் சில திங்களில் மட்கி எருவாகிவிடும். அதே கழிவு பாலித்தீன் பையில் இறுகக் கட்டப்பட்டு, பல மீட்டர் குப்பைக்கு அடியில் புதையுண்டால் காற்று கிட்டாது. அப்போது உயிர்வளி இன்றி வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கின்றன. விளைவு மீத்தேன் வாயு. நூறாண்டுக் காலக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியின் வெப்பத்தைக் கூட்டவல்லது. எளிதில் தீப்பற்றக்கூடியதும் ஆகும். 2022 மார்ச் 28 அன்று காஜிப்பூரிலும், ஏப்ரல் 26 அன்று பல்ஸ்வாவிலும், மீண்டும் 2024 ஏப்ரல் 21 அன்று காஜிப்பூரிலும் பெருந்தீ மூண்டது. கோடையின் வெப்பமும் உள்ளிருந்து கசியும் வாயுவும் சேர்ந்தால் இத்தகைய தீயை அணைப்பது எளிதன்று. மேற்பரப்பில் நீரைப் பீய்ச்சினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அப்புகையைச் சுவாசிப்பவர்கள் மலையடிவாரத்துக் குடிசைகளில் வாழ்வோர்.

மற்றொரு விளைவு கசிவுநீர். அழுகும் கழிவிலிருந்து பிறக்கும் அமில நீர், குப்பையின் ஊடே இறங்குகையில் தான் தொடும் பொருளையெல்லாம் கரைக்க முயல்கிறது. வழியில் பழைய மின்கலமும், உடைந்த குழல்விளக்கும், வண்ணப்பூச்சுத் தகரமும் இருந்தால் அவற்றிலுள்ள ஈயமும் காட்மியமும் பாதரசமும் அந்நீரில் கலந்து நிலத்தடிக்குச் செல்கின்றன. டில்லியின் மூன்று கிடங்குகளிலும் அடியில் நீர் புகாத் தளம் அமைக்கப்படவில்லை.

ஆகவே வாழைப்பழத் தோலும் தீங்கு செய்வதில்லை. நாளிதழும் தீங்கு செய்வதில்லை. தனியே சேர்த்து வைத்த மின்கலங்கூட உடனடித் தீங்கு செய்வதில்லை. இவை ஒரே கூடையில் ஒன்றோடொன்று கலக்கும் நொடியில்தான் கேடு தொடங்குகிறது. அந்தக் கலப்பு நிகழும் இடம் காஜிப்பூர் அன்று. வீட்டின் சமையல் மேடைக்குக் கீழுள்ள கூடை.

திமார்பூரில் நடந்தது

1987ஆம் ஆண்டில் வட டில்லியின் திமார்பூரில் டென்மார்க் நாட்டின் தொழில்நுட்ப உதவியுடன் ஓர் எரிஉலை நிறுவப்பட்டது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்துச் சுமார் 3.75 மெகாவாட் மின்சாரம் உண்டாக்குவது திட்டம். சோதனை ஓட்டமாக 21 நாட்கள் இயங்கிய பின் உலை நிறுத்தப்பட்டது. பின்னர் அது முறையாக இயங்கவேயில்லை. உலைக்குத் தேவைப்பட்ட குப்பையின் வெப்ப ஆற்றல் கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோ கலோரி. வந்து சேர்ந்த குப்பையில் இருந்ததோ 600 முதல் 700 வரை. எண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டிய நிலை.

காரணம் எளிதில் விளங்கும். எரியத்தக்க தாளையும் அட்டையையும் நெகிழியையும் பழைய பொருள் வாங்குவோரும் குப்பை பொறுக்குவோரும் முன்னரே எடுத்துச் சென்றுவிட்டனர். எஞ்சியவை ஈரமான தோல், தெருப் புழுதி, அடுப்புச் சாம்பல். ஈரத்தை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் பெரும்பகுதி செலவாகிவிட்டது. டென்மார்க்கின் சமையலறைக்கென வகுக்கப்பட்ட எந்திரம் டில்லியின் சமையலறையை அறிந்திருக்கவில்லை.

பின்னர் ஓக்லாவில் 2012ஆம் ஆண்டிலும், அதனைத் தொடர்ந்து காஜிப்பூர், நரேலா–பவானா, தெஹ்கண்ட் ஆகிய இடங்களிலும் எரிஉலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றுக்கும் ஈரக் கழிவே இடையூறு. ஈரம் கூடினால் எரிவெப்பம் தாழ்கிறது, வெப்பம் தாழ்ந்தால் நச்சுப் புகை மிகுகிறது. கலப்புக் குப்பையை எருவாக்க முயன்ற எந்திர ஆலைகளின் அனுபவமும் வேறன்று. 1975க்கும் 1980க்கும் இடையே நாட்டின் பல நகரங்களில் இத்தகைய ஆலைகள் நிறுவப்பட்டன. அவற்றின் எருவில் கண்ணாடித் துண்டும் பாலித்தீன் கந்தலும் கலந்து வந்தமையால் உழவர்கள் வாங்கத் தயங்கினர். நகர எருவில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாதென்று உரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுக்கிறது. ஒருமுறை கலந்துவிட்ட குப்பையிலிருந்து இவ்வரையறைக்குள் அடங்கும் எருவைப் பெறுவது செலவு மிக்க செயல். எரிப்பதாயினும் எருவாக்குவதாயினும் பிரித்தல் முதற்படி. அதனைத் தவிர்த்துவிட்டு இரண்டாம் படியில் ஏறிய திட்டங்களே மிகுதி.

பால் வாங்கும் பாத்திரம்

குப்பையைப் பிரிப்பதைவிடக் குப்பையே உண்டாகாமல் காப்பது சிறந்தது. இதற்கு டில்லியிலேயே அரை நூற்றாண்டுப் பழமையுள்ள சான்று ஒன்று உண்டு. ‘வெண்மைப் பெருக்கு’த் திட்டத்தின் ஒரு பகுதியாக 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதர் டெய்ரி, நகரின் குடியிருப்புகள்தோறும் பால் சாவடிகளை அமைத்தது. குளிரூட்டப்பட்ட பால் தொட்டி உள்ளே, வெளியே குழாய். வில்லை ஒன்றைத் துளையிலிட்டால் அளவான பால் பாத்திரத்தில் விழும். வாளியோ தூக்கோ கையில் எடுத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் சாவடிக்குச் சென்று வரும் சிறுவர்கள் டில்லியின் அன்றாடக் காட்சிகளில் ஒன்றாயினர். அதற்கும் முன்னர், 1959இல் தொடங்கிய டில்லிப் பால் திட்டத்தின் பால் கண்ணாடிப் புட்டிகளில் வந்தது; வெறும் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் நிறைந்த புட்டி கிடைக்கும்.

பின்னர் பாலித்தீன் உறைகள் வந்தன. வசதி கருதி மக்கள் அவற்றுக்கு மாறினர் என்பதில் குறை கூற ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் உறையின் எடை ஏறத்தாழ 4 கிராம். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வாங்கும் குடும்பம் ஓராண்டில் 730 உறைகளை, அதாவது சுமார் 3 கிலோ பாலித்தீனை வெளியேற்றுகிறது. உறையை வெட்டும்போது தனியே விழும் சிறு மூலைத் துண்டு யார் கைக்கும் அகப்படாமல் சாக்கடைக்குப் போகிறது. மூலையை முற்றிலும் துண்டிக்காமல் தொங்கும்படி வெட்டினால் அதுவும் உறையோடு சேர்ந்து மறுசுழற்சிக்குச் செல்லும். கழுவி உலர்த்திய பால் உறைக்குப் பழைய பொருள் சந்தையில் விலை உண்டு. கழுவாத உறைக்கு இல்லை.

2019ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வில்லைப் பாலை உறைப் பாலைவிட லிட்டருக்கு 4 ரூபாய் குறைவாக விற்கத் தொடங்கியது. பழக்கத்தை மாற்ற அறிவுரையைக் காட்டிலும் நாலு ரூபாய் வலிமையுடையது என்பதை ஏற்றுக்கொண்ட நடவடிக்கை இது. அன்றைய அவ்விலை வேறுபாட்டின்படி, நாள்தோறும் இரண்டு லிட்டர் வாங்கிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,920 ரூபாய் மிச்சமாயிற்று. இத்தகைய விலை வேறுபாட்டை எண்ணெய்க்கும் சலவைத் தூளுக்கும் அரிசிக்கும் ஏற்படுத்த இயலுமா என்பது திட்டமிடுவோர் ஆராயத்தக்கது.

பைகளின் கதை வேறு. டில்லியில் 2012ஆம் ஆண்டிலேயே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும், ஒருமுறை மட்டும் பயன்படும் சில நெகிழிப் பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை வந்தது. பைகளின் தடிமன் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாதென்றும் விதிக்கப்பட்டது. வாரச் சந்தைகளில் மெல்லிய பைகள் மறையவில்லை. காய்கறி விற்பவருக்கு அவை மலிவு, வாங்குபவருக்கு இலவசம், தடையைச் செயற்படுத்துபவருக்குச் சந்தை பெரிது.

நீரும் மின்சாரமும்

வீட்டுப் பழக்கம் என்பது குப்பையோடு முடிவதன்று. வஜீராபாத் முதல் ஓக்லா வரையுள்ள 22 கிலோமீட்டர், யமுனையின் நீளத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆற்றின் மாசில் முக்கால் பங்குக்கு மேல் சேர்வது இங்கேதான். காளிந்தி குஞ்சுக்கு அருகே குளிர்காலத் தொடக்கத்தில் மிதக்கும் வெண்ணுரையில் சலவைத் தூளிலுள்ள நுரைக்கும் பொருள்களுக்கும் பாஸ்பேட்டுகளுக்கும் பங்குண்டு. இந்தியத் தர நிர்ணய அளவைகளுக்கு உட்படாத சோப்புகளையும் சலவைப் பொருள்களையும் டில்லி அரசு 2021 ஜூனில் தடை செய்தது. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை; உறையில் குறித்த அளவில் பாதித் தூளே அன்றாடத் துணிக்குப் பெரும்பாலும் போதும்.

சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் குடிநீர்க் கருவிகள் ஒரு லிட்டர் நீரைத் தர இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவியே தேவையில்லை என்ற நிலைப்பாட்டைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டில் எடுத்தது. கருவி இருக்கும் வீடுகளில் கழிவுக் குழாயின் முனையை ஒரு வாளியில் விட்டாலே தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் நீர் கிடைத்துவிடும். செடிகளுக்கு ஊற்றுவதாயின் உப்பு மிகுந்திருப்பதால் நல்ல நீர் கலந்து ஊற்றுதல் நலம்.

2024 ஜூன் 19 அன்று டில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. குளிர்சாதனங்களே பெருங்காரணம். 2020 முதல் விற்கப்படும் குளிர்சாதனங்கள் இயக்கியதும் 24 பாகையில் நிற்குமாறு அமைக்கப்படுகின்றன. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. இவை யாவும் பயனுள்ளவையே. ஆயினும் விலைச் சீட்டு வழியாகத் தாமே நினைவூட்டுபவை. குப்பைக்கு அத்தகைய நினைவூட்டல் இல்லாமையால் அதனைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

கபாடிவாலாவின் தராசு

டில்லியின் தெருக்களில் மிதிவண்டியில் வரும் கபாடிவாலா, தமிழ்நாட்டின் பழைய பேப்பர்காரரின் உடன்பிறப்பு. நாளிதழ், அட்டை, இரும்பு, புட்டி ஆகியவற்றை அவர் விலைக்கு வாங்குகிறார். வீட்டில் விற்கப்படாமல் குப்பையில் விழுந்தவற்றைப் பொறுக்குவோர் எடுக்கின்றனர். சீமாபுரி போன்ற இடங்களிலுள்ள சிறு கிடங்குகளிலும், முண்ட்காவின் நெகிழிச் சந்தையிலும் அவை இனம் பிரிக்கப்படுகின்றன. வெள்ளைப் புட்டி வேறு, பச்சைப் புட்டி வேறு, மூடி வேறு, மூடியின் வளையம் வேறு. நகராட்சி ஊதியம் எதுவுமின்றி இயங்கும் இவ்வமைப்பு, கிடங்குக்குச் செல்லும் குப்பையின் அளவைக் கணிசமாகக் குறைத்து வருகிறது.

இத்தொழிலாளரின் கைகளை நினைத்தால் மூன்றாவது பிரிவின் தேவை புலனாகும். சவர அலகு, உடைந்த கண்ணாடி, ஊசி, காலாவதியான மருந்து, மின்கலம், பயன்படுத்திய அணையாடை ஆகியவை ஈரக் கழிவோடும் உலர் கழிவோடும் சேரக் கூடாதவை. கண்ணாடித் துண்டை நாளிதழின் நாலைந்து தாள்களில் சுற்றிக் கட்டி அடையாளமிட்டு வைக்க ஒரு நிமிடம் ஆகும். அணையாடையைத் தாளில் சுற்றித் தனியே தருவதற்கும் அவ்வளவே. சுற்றாமல் போட்டால், அதனைக் கையால் பிரிப்பவர் ஒருவர் எங்கோ ஓரிடத்தில் கட்டாயம் இருக்கிறார்.

எருவாகும் கழிவு

கழிவை எருவாக்கும் கலையில் இந்நாடு பிறரிடம் பாடம் கேட்க வேண்டிய நிலையில் இல்லை. ஆல்பர்ட் ஹோவர்ட் தம் குழுவினருடன் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து வகுத்த அடுக்கு முறை உலகெங்கும் ‘இந்தூர் முறை’ எனவே வழங்குகிறது. பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939ஆம் ஆண்டில் நகரக் கழிவுக்கென வேறொரு முறையை வகுத்தார். இவ்விரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பச்சையும் காய்ந்ததும் அடுக்கடுக்காகச் சேர வேண்டும்.

இதன் அறிவியல் எளியது. நுண்ணுயிர்களுக்கு உணவாகக் கரிமமும், உடல் வளர நைட்ரஜனும் தேவை. 25 அல்லது 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருந்தால் அவை நன்கு செயற்படும். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. காய்ந்த இலையில் கரிமம் மிகுதி. காய்கறிக் கழிவை மட்டும் தொட்டியில் இட்டால் மிகுதியான நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறி நாறுகிறது. நீர் கசிந்து காற்று வழிகள் அடைபட்டால் அழுகல் நாற்றமும் சேர்கிறது. வீட்டில் எருத்தொட்டி வைத்துப் பார்த்துக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் கைவிட்டது இந்த நாற்றத்தாலேயே. அவர்களுக்குத் தேவைப்பட்டது மேலும் ஒரு கைப்பிடி சருகு மட்டுமே.

சருகுக்கு டில்லியில் பஞ்சமில்லை. தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்குப் புதிதாக வருவோரை வியக்கவைப்பது, இளவேனில் தொடங்கும்போது மரங்கள் இலையுதிர்ப்பது. பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை வேம்பும் அரசும் பிற மரங்களும் இலைகளைக் கொட்டுகின்றன. அவற்றைக் குவித்துக் கொளுத்துவது நெடுநாள் வழக்கம்; 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு 5,000 ரூபாய் தண்டம் விதித்தது. கொளுத்தினால் தண்டமும் புகையும். இரண்டு சாக்கில் கட்டி மாடிப்படியின் அடியில் வைத்தால் ஒரு குடும்பத்துக்குப் பல மாதத் தேவை.

அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட மண் தொட்டியோ பழைய நெகிழி வாளியோ போதும். அடியில் மூன்று விரற்கடைச் சருகு. அதன்மேல் அன்றன்றைய கழிவு. பெரிய தோல்களை நறுக்கி இடுதல் நலம். அதனை மூடும் அளவுக்கு மீண்டும் சருகு. தொடக்கத்தில் ஒரு கைப்பிடி பழைய எருவோ புளித்த மோரோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். வாரத்துக்கு இருமுறை குச்சியால் கிளறிக் காற்றோட்டம் தர வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரலாம். ஒழுகினால் ஈரம் மிகுதி, உதிர்ந்தால் குறைவு. மே, ஜூன் திங்களில் வீசும் ‘லூ’ என்னும் வெப்பக் காற்றில் தொட்டி காய்ந்துபோகும். நீர் தெளிக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மழை நீர் புகாமல் மூட வேண்டும். ஜனவரிக் குளிரில் வேலை ஏறக்குறைய நின்றுபோகும். அதனைத் தோல்வியென்று கொள்ளலாகாது. பொதுவாக இரண்டு, மூன்று திங்களில் மண் மணம் வீசும் கரும்பழுப்பு எரு கிடைக்கும். கழிவின் அளவு ஐந்தில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ சுருங்கிவிடும்.

சிறு தொட்டிகளில் வெப்பம் பெருங்குழிகளிற்போல் 55, 60 பாகைக்கு உயர்வதில்லை. ஆதலால் நோய்க் கிருமிகள் முற்றிலும் மடியும் என்று கூற இயலாது. இறைச்சி, மீன், பால் பொருள்கள், எண்ணெய் மிகுந்த உணவு ஆகியவற்றை வீட்டுத் தொட்டியில் இடாமையே நன்று. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு: வடிகட்டியில் எஞ்சும் காபித் தூள் சக்கை, எருத்தொட்டிக்கு மிகச் சிறந்த உணவு. எலுமிச்சைத் தோலை மட்டும் அளவோடு இடலாம்.

நால்வர் கொண்ட குடும்பத்தின் ஈரக் கழிவு நாளொன்றுக்கு ஒரு கிலோ எனக் கொண்டால் ஆண்டுக்கு 365 கிலோ. அதனை ஏற்றிச் செல்லும் வண்டி, எரிபொருள், ஆள் கூலி, கிடங்கில் இடம் ஆகிய அனைத்தும் மிச்சம்.

வண்டியில் நேரும் கலப்பு

இவ்வளவும் செய்யும் குடும்பத் தலைவிக்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானது. அவர் இரு கூடைகளில் பிரித்து வைத்ததை வாசலில் வரும் வண்டிக்காரர் ஒரே தொட்டியில் கொட்டிக்கொண்டு போவதைச் சில நாட்கள் கண்டால், பிரிப்பதை நிறுத்திவிடுவார். 2016 ஏப்ரல் 8 அன்று அறிவிக்கை செய்யப்பட்ட திடக் கழிவு மேலாண்மை விதிகள், ஈரம், உலர், வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கும் கடமையை வீட்டார்க்கு விதித்தன. பிரித்ததைப் பிரித்தவாறே சேகரிக்கும் கடமையை உள்ளாட்சிக்கும் விதித்தன. 2024 டிசம்பரில் வெளியான வரைவு, சுகாதாரக் கழிவைத் தனித்து நான்கு பிரிவுகளைக் கூறிற்று. விதிகளில் முதற்பாதி சுவரொட்டிகளில் பரவியது. இரண்டாம் பாதி வண்டிகளின் அமைப்பில் பரவவில்லை. நடுவே தடுப்பு இல்லாத வண்டியை அனுப்பிவிட்டுப் பிரிக்காத வீட்டாருக்குத் தண்டம் விதிப்பது முறையாகாது.

இதற்கு மாற்றாகச் சில குடியிருப்புகள் வண்டியை நம்பாத வழியை மேற்கொண்டன. தென் டில்லியின் நவஜீவன் விகார் சுமார் 250 வீடுகள் கொண்ட குடியிருப்பு. அங்கு ஈரக் கழிவு குடியிருப்பின் எல்லைக்குள்ளேயே எருவாக்கப்படுகிறது. பிரிக்காத குப்பை வாசலிலேயே திருப்பித் தரப்பட்டதும், வீட்டார் மட்டுமன்றி வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் பிரிக்கும் முறை கற்பிக்கப்பட்டதும் இதன் வெற்றிக்கு உதவின. டில்லியின் நடுத்தரக் குடும்பங்களில் கூடையைக் கையாள்பவர் பெரும்பாலும் வேலைக்கு வரும் பெண்மணியே; அவரை விட்டுவிட்டு வீட்டுத் தலைவருக்கு அச்சிட்ட அறிக்கை அனுப்புவதால் பயனில்லை. நாளொன்றுக்கு வீட்டுக்கு ஒரு கிலோ என்னும் முற்கூறிய கணக்கில், 250 வீடுகள் ஆண்டுக்குச் சுமார் 91 டன் ஈரக் கழிவைக் கிடங்கிலிருந்து விலக்கலாம். பூங்காவின் ஓரத்தில் சில குழிகளும் ஒரு தோட்டக்காரரின் சில மணி நேர உழைப்பும் இதற்குப் போதும்.

5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள வளாகக் குடியிருப்புகள் ஈரக் கழிவை இயன்றவரை தத்தம் எல்லைக்குள்ளேயே பதப்படுத்த வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் விதிகளே கூறின. தோட்டமும் சங்கமும் உள்ள இடங்களில் இது இயலும். ஆனால் டில்லி மக்களில் மிகப் பலர் வாழ்வது வளாகங்களில் அன்று. சங்கம் விகார் போன்ற, தள்ளுவண்டியும் திரும்ப முடியாத சந்துகளைக் கொண்ட குடியேற்றங்களில். ஓர் அறையில் ஐவர் வாழும் வீட்டில் மூன்று கூடைகளுக்கும் எருத்தொட்டிக்கும் இடம் கேட்பது பொருந்தாது. அங்கு வேண்டுவது, சந்தின் முனையில் ஈரக் கழிவுக்கு மட்டும் ஒரு பொதுத் தொட்டி, அதனை நாள் தவறாமல் எடுக்கும் ஒரு தள்ளுவண்டி, அருகிலேயே ஓர் எருக்குழி. 2022 மே 22 அன்று ஒன்றிணைக்கப்பட்ட டில்லி மாநகராட்சியில் 12 மண்டலங்களும் 250 வட்டங்களும் உள்ளன. ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை வண்டிகள் சென்றன என்பது பதிவாகிறது. எவ்வளவு ஈரக் கழிவு தனியே வந்தது என்பதைத் தராசில் நிறுத்துப் பதியத் தொடங்கினால், எந்தச் சந்தில் தொட்டி வைக்க வேண்டும், எந்த வண்டியில் தடுப்பு அமைக்க வேண்டும் என்பதை வட்ட அலுவலரே முடிவு செய்துவிடலாம்.